முதல் புழுக்கைக்குக் காத்திருத்தல்

(கோவையில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியோர்களுக்கும், பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் என் வணக்கம். முயலைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுதா என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரித்ததில் தவறில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே அறியும். பூனை பசித்தால் வீட்டையே இரண்டாக்கிவிடும். முயல் அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் நம் மாடிகளிலும் பால்கனிகளிலும் எத்தனை முயல்கள் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கின்றன என்பது அவற்றை வளர்ப்பவர்களுக்கே தெரிவதில்லை.

ஒரு முயலை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். சித்திரை மாதத்தில் ஒரு நாள், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியிலிருந்து ஓர் அம்மா, பக்கத்து வீட்டு முயலைப் பற்றிச் சொல்ல, முயல்களை மீட்டுத் தேற்றும் எங்களை அழைத்தார். போய்ப் பார்த்தபோது, லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் கம்பிக் கூண்டு ஒன்றில் வெள்ளை முயலொன்று உட்கார்ந்திருந்தது. பெயர் பஞ்சு. அடிப்பகுதியும் கம்பிதான், ஒரு அட்டைத் துண்டுகூட விரிக்கவில்லை. முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற மெத்தைத் தசை கிடையாது, அடர்ந்த மயிர் மட்டுமே உண்டு. அந்த மயிர் தேய்ந்து, பின்னங்கால் குதிகளில் நாலணா அளவுக்குப் புண் சிவந்திருந்தது. நகங்கள் வளைந்து கம்பிக்குள் மாட்டியிருந்தன. வாலுக்குக் கீழே மயிர் சிறுநீரில் ஊறிக் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. கூண்டில் பாதி கடித்த காரட் ஒன்றும் நொறுங்கிய பிஸ்கட்டும் கிடந்தன. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் இல்லை. சமையலறைத் தராசில் நிறுத்தபோது எடை 1 கிலோ 100 கிராம். முதுகெலும்பை விரலால் எண்ண முடிந்தது.

வீட்டுக்காரர்களைக் கொடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முயலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த வீட்டுச் சிறுமி படியிறங்கி வந்து அழுதாள். தண்ணீர் ஏன் வைக்கவில்லை என்று அவள் தந்தையிடம் கேட்டேன். “முயலுக்குத் தண்ணி வெச்சா செத்துடும்னு கடையிலேயே சொன்னாங்களே சார்” என்றார்.

தமிழ்நாட்டில் முயல் வாங்கிய வீடுகளில் பாதியிலாவது இந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. முயல்குட்டி கண் திறக்கவே பத்து நாள் ஆகும். தாய்ப்பாலை முழுதாக மறக்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். ஆனால், உள்ளங்கைக்குள் அடங்கினால்தான் விலை போகும் என்பதால் மூன்று, நான்கு வாரக் குட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ‘சின்ன ஜாதி, இதுக்கு மேல வளராது’ என்ற பொய்யும் கூடவே வரும். பக்குவப்படாத அந்த வயிற்றில் முட்டைக்கோஸும் ஈரக் கீரையும் விழுந்ததும் கழிச்சல் காண்கிறது. இரண்டே நாளில் குட்டி இறக்கிறது. கழிச்சல் நீராகப் போனதால் பழி தண்ணீர் மேல் விழுந்துவிட்டது. உண்மையில் ஒரு முயல், தன் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர் நாள்தோறும் குடிக்க வேண்டிய பிராணி. இதைச் சொன்னால் விற்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற பழமொழி முயல் விற்பவர்களுக்காகவே உண்டானதோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கூண்டைத் திறந்து எடுத்துவந்ததோடு மீட்பு முடிந்ததென்று தொடக்கத்தில் நானும் நம்பினேன். அது தொடக்கம்கூட இல்லை. முயல், வேட்டையாடப்படும் பிராணி. வலியை வெளியே காட்டுவது பருந்துக்கும் நரிக்கும் விலாசம் கொடுப்பதற்குச் சமம். ஆகவே அது சாகும் தறுவாயிலும் அசையாமல், அமைதியாக, பார்ப்பவருக்குச் சாதுவாகத் தெரியும்படி உட்கார்ந்திருக்கும். அந்த அமைதிக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே நம்பகமான சாட்சி அதன் புழுக்கை. நல்ல ஆரோக்கியமுள்ள முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கைகள் வரை போடும். அவை சிறுத்தால், குறைந்தால், மயிரில் கோத்த மணிகளைப் போல வந்தால் குடல் தளர்கிறது என்று பொருள். நின்றே போனால் அவசரம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கி நகர்ந்தே ஆக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாத முயலை ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவது பெரும்பாலும் அதை இழப்பதில் போய் முடிகிறது.

பஞ்சு முந்தைய நாளிலிருந்தே தின்னவில்லை. காதுகள் குளிர்ந்திருந்தன. முயலின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். அதற்கு 37 தான் இருந்தது. இந்த நிலையில் பரிதாபப்பட்டு வாயில் உணவைத் திணிப்பவர்கள் உண்டு. குளிர்ந்துபோன உடம்பில் குடல் வேலை செய்யாது. முதலில் துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டில், பிறகு மருத்துவர் தோலுக்கடியில் ஏற்றிய திரவம், பிறகு வலிநிவாரணி; வயிற்றைத் தடவிப் பார்த்து அடைப்பு ஏதும் இல்லை என்று அவர் உறுதி சொன்ன பின்பே உணவு. தீவனக் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரத்தில், பல்லில்லாத இடைவெளி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேகமாகத் தள்ளினால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மணிக்கொரு தரம் அப்படி ஊட்டினோம். விடியற்காலை நாலரை மணிக்கு, விரித்திருந்த வெள்ளைத் துணியில் மிளகைவிடச் சற்றே பெரிதாக, கறுத்து, காய்ந்து, ஒற்றைப் புழுக்கை ஒன்று கிடந்தது. என் மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவர் கும்பிட்டார்.

மருந்து விஷயத்தில் ஒரு வார்த்தை. நமக்கும் நாய்க்கும் பழகிப்போன சில நுண்ணுயிர்க்கொல்லிகள் முயலுக்கு நஞ்சு. அமாக்ஸிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அதன் பெருங்குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்ட கிருமிகள் பெருகி, நச்சு ஏறி இறந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன், சளி பிடித்த சாம்பல் நிற ஆண் முயல் ஒன்றுக்கு, ஒரு சிகிச்சை நிலையத்தில் எழுதித் தந்த இளஞ்சிவப்புச் சிரப்பை நானே என் கையால் மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் அது இல்லை. இனிப்பாக இருந்ததால் விரும்பி நக்கிக் குடித்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. நாய் உண்ணிக்குப் பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. ஆகவே, முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரின் எண்ணை முயல் வாங்குவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். சொறிக்குப் பண்ணைகளில் போடும் ஐவர்மெக்டின் ஊசி நல்ல மருந்துதான்; அளவு மருத்துவருடையதாக இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் பல். முயலுக்கு இருபத்தெட்டுப் பற்கள். எல்லாமே ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். இந்த வளர்ச்சியைத் தேய்ப்பது காரட் அன்று, புல். நார் மிகுந்த புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அரைத்து அரைத்துக் கடைவாய்ப் பற்களைச் சமன் செய்கிறது. பிஸ்கட்டும் சோறும் தின்று வளர்ந்த பஞ்சுவின் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கில் குத்தியிருந்தது. பசித்தும் தின்னாததற்குக் காரணம் அதுதான். மயக்கம் கொடுத்து அரைத்துச் சமன் செய்ய வேண்டியதாயிற்று. நீண்ட முன்பல்லை வீட்டு நகவெட்டியால் வெட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பல் வேர்வரை பிளந்து சீழ் வைத்துவிடும்.

எனவே மறுவாழ்வு என்று நாங்கள் சொல்வதில் முக்கால் பங்கு புல்தான். இறக்குமதியாகும் திமோத்தி உலர்புல் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. கோவைக்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. நம் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லை மாடு வைத்திருப்பவர்கள் சுற்றுவட்டாரமெங்கும் வளர்க்கிறார்கள். ஒரு கட்டு வாங்கி, நிழலில் உலர்த்தினால் ஒரு முயலுக்குப் பல நாள் வரும். அருகம்புல் மிக நல்லது, ஆனால் சாலையோரப் புகையும் பூச்சிமருந்தும் படாத இடத்தில் அறுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். குதிரைமசால் என்னும் தீவனச் செடி குட்டிகளுக்கு ஏற்றது. வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மிகுதியாகிச் சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பாக இறங்கும். வைக்கோல் படுக்கைக்குச் சரி, உணவாக அதில் சத்தில்லை. காரட்டை நாம் லட்டைத் தின்பது போல எப்போதாவது ஒரு துண்டு.

இங்கே பலர் அருவருப்போடு கேட்கும் கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முயல் தன் கழிவைத் தானே தின்கிறதே, அது நோயா என்கிறார்கள். காய்ந்த புழுக்கை வேறு; திராட்சைக் கொத்துப் போல, மினுமினுப்பாக, மென்மையாக வரும் இன்னொன்று வேறு. இரண்டாவதை ஆசனவாயிலிருந்தே வாயால் வாங்கி விழுங்கிவிடும். பெருங்குடலில் உண்டான புரதத்தையும் பி வைட்டமின்களையும் மறுபடி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இடுங்கிய கூண்டில் வளைய முடியாத முயலும், கொழுத்துப்போன முயலும் அதை எட்ட முடியாமல் பின்புறத்தில் அப்பிக்கொள்கின்றன. அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு பொரித்து உயிருள்ள தோலைக் குடையத் தொடங்கும். குளிப்பாட்டினால் சரியாகும் என்று குடத்தில் முக்கிவிடாதீர்கள். அதிர்ச்சியிலேயே முயல் இறக்கக்கூடும். அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, துடைத்து, மயிரைக் கவனமாகக் களைய வேண்டும். அதன் தோல் ஈரக் காகிதம் போன்றது, கத்தரிக்கோல் நுனி பட்டாலே கிழியும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வளர்ப்பு முயல்கள் ஐரோப்பாவின் தென்மேற்கே தோன்றிய இனம், மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த வம்சம். வியர்க்காது, காதுதான் அதற்கு விசிறி. 30 டிகிரிக்கு மேலேயே தவிக்கும். மேற்குப் பார்த்த பால்கனியில் அதை வைக்காதீர்கள்.

உடம்பு தேறுவதைவிட மெதுவானது நம்பிக்கை. பஞ்சு எங்களைக் கண்டால் மூலைக்கு ஓடிப் பின்னங்காலால் தரையைத் தட்டும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் சந்தையில் தொடங்கி வீடுவரை வந்துவிட்டது. பின்பாகத்தைத் தாங்காமல் தூக்கினால், அது உதறும் ஒரே உதறலில் முதுகெலும்பு முறியலாம். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடப்பதைக் கொஞ்சல் என்று நினைத்து வீடியோ எடுக்கிறார்கள். அது பயத்தில் உறைந்த நிலை. நாங்கள் செய்தது ஒன்றுதான்: நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் தரையில் அமர்ந்து, அதைப் பார்க்காமல், எங்கள் வேலையைச் செய்தோம். பதினெட்டாம் நாள் என் கால் கட்டைவிரலை மோந்து பார்த்தது. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் அறையின் குறுக்கே ஓடிக் காற்றில் எகிறி உடம்பை முறுக்கிக் குதித்தது. அதற்கு ஒன்றரை வயது. அப்படிக் குதிக்கும் அளவுக்கு இடம் அதற்கு அதுவரை கிடைத்திருக்காது.

எடை 2 கிலோவை நெருங்கியதும் கருப்பை நீக்க அறுவை செய்தோம். பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று வருவது மிகச் சாதாரணம் என்பது ஒரு காரணம். மற்றொன்று எண்ணிக்கை. முயலின் சூல்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈன்ற அன்றே மறுபடி கருத்தரிக்கும். ‘ரெண்டும் பொட்டைதான்’ என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கிய ஜோடி ஒரே ஆண்டில் மொட்டை மாடியில் இருபத்து மூன்றாகிய வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அவற்றை ஆண், பெண் எனப் பிரிப்பதற்கே ஒரு பகல் முழுவதும் ஆனது. ஆண் முயலை அறுவை முடிந்த பிறகும் ஐந்தாறு வாரம் தனியே வைக்க வேண்டும். அறுவைக்கு முன் நாயைப் போல முயலைப் பட்டினி போடக்கூடாது என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

வளர்க்க முடியாதவர்கள் சிலர் ஏரிக்கரையிலும் கல்லூரி வளாகங்களிலும் கொண்டுபோய் ‘சுதந்திரமாக’ விட்டுவிடுகிறார்கள். நம் புன்செய்க் காடுகளில் திரியும் காட்டுமுயல் வேறு இனம்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் விலங்கு அது, பிடித்து வளர்ப்பது குற்றம். வெள்ளை வளர்ப்பு முயலுக்கு ஒளியத் தெரியாது, தெரிந்தாலும் அதன் நிறம் காட்டிக்கொடுக்கும். நாய், கீரி, பருந்து, எது முந்துகிறதோ அதற்கு இரை. இந்தப் பிராணியைத் தண்ணீரின்றி அடைத்து வைப்பதும், பட்டினியால் சாகுமென்று தெரிந்தே கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றங்கள். 2018-இல் வந்த விதிகளின்படி, விலங்கு விற்கும் கடை மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முயல் வாங்கும் கடையில் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் அவர்கள் முகம் போகும் போக்கே போதுமான பதில்.

பஞ்சுவை வளர்க்கக் கேட்டு ஒன்பது பேர் வந்தார்கள். எட்டுப் பேர் நிறத்தைப் பற்றியும் கடிக்குமா என்பது பற்றியும் விசாரித்தார்கள். ஒன்பதாவதாக வந்த அம்மா, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனோடு வந்திருந்தார்; அது எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் என்றேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்; அவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வரை என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார் போலும். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். மூன்று நாள் கழித்து அதே அம்மா வந்தார். கூடத்தின் ஓரத்தை நீள அகலத்தோடு அளந்து பென்சிலால் வரைந்த ஒரு தாளும், மாட்டுக்காரர் ஒருவரிடம் புல்லுக்குச் சொல்லிவைத்த தகவலும் அவரிடம் இருந்தன.