கேக்குற முகமும் பேசும்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்குற அம்மா அவர்களே, காலையிலேர்ந்து ஓடியாடி ஏற்பாடு பண்ண செயலாளர் அவர்களே, வேலையை விட்டுட்டு வந்திருக்குற பெரியவங்களே, தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா பேசுறப்ப கடைசி வரிசை வரைக்கும் பாத்துப் பேசினாரு, அதுக்குத் தனியா ஒரு நன்றி.

மேடையில பேசுறவங்க கண்ணு, கை, குரல், இந்த மூணைப் பத்தியும் பேசலாம்னு வந்தேன், ஆனா இன்னிக்கு கேக்குறவங்க முகத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். எங்க போனாலும் நான் சொல்றதுதான், அகத்தின் அழகு முகத்தில் தெரியும்.

1960 செப்டம்பர் 26, சிகாகோவுல ஒரு டிவி ஸ்டுடியோ. அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு நிக்குற கென்னடியும் நிக்சனும் நேருக்கு நேர் விவாதம் பண்றாங்க, டிவியில இப்படி நடக்குறது அதான் முதல் தடவை, கிட்டத்தட்ட 7 கோடி பேர் பாக்குறாங்க. நிக்சன் விவாதத்துல கெட்டிக்காரர், ஆனா முழங்கால்ல அடிபட்டு, அது சீழ் வச்சு, ஆஸ்பத்திரியில கிடந்து எடை குறைஞ்சு வந்திருக்காரு. முறையா மேக்கப் போட்டுக்கல, தாடி நிழல் தெரியுது, வெளிர் கலர் கோட்டு பின்னாடி இருக்குற திரையோட கலந்துபோகுது. கென்னடி அடர் கலர் கோட்டுல நேரா கேமராவைப் பாத்துப் பேசுறாரு. இதை எல்லாரும் சொல்வாங்க. நான் சொல்ல வந்தது வேற. கென்னடி பேசிட்டிருக்கும்போது டைரக்டர் கேமராவை நிக்சன் பக்கம் திருப்பினாரு பாருங்க, அங்க அவரு வேர்வையைத் துடைச்சுக்கிட்டிருக்காரு! அவரு அப்ப பேசவே இல்ல, சும்மா கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு, அதையும் நாடே பாத்துச்சு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும், கேக்குறவங்க முகத்துலயும்தான்.

இங்கதான் என் கோரிக்கை. மேடையில ஒருத்தர் பேசும்போது கீழ உக்காந்து போனைத் தேய்க்குறது இருக்கே, அது பேசுறவங்க வாயை அடைக்குற வேலை. கனடாவுல ஜேனட் பேவலாஸ்ங்குற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2000-ல வெளியிட்ட ஆய்வுல, கதை கேக்குறவங்க கவனத்தை வேணும்னே வேற வேலையில திருப்பிவிட்டாங்க, கதை சொன்னவங்க தடுமாறிட்டாங்க, அதுவும் முடிவை ஒழுங்கா சொல்லவே முடியல. சொன்னது அவங்க வாழ்க்கையில நடந்த சம்பவம்தான்! கேக்குறவங்க அவ்வளவா தலையாட்டல, முகம் பெருசா மாறல, அவ்வளவுதான். பேசத் தெரியலன்னு நாம ஒதுக்கினவங்க எத்தனை பேருக்கு நாம முகம் குடுக்காம இருந்தோமோ.

அதனால ஒவ்வொரு கூட்டத்துலயும் போனை உள்ள வச்சுட்டு உக்காரணும்னு அறிவிக்கச் சொல்லி நான் எல்லா சங்கத்துக்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன், தலைவர் ஐயாகிட்டயும் கேக்குறேன். அடுத்து பேசப்போற பொண்ணு இன்னிக்குத்தான் முதல் தடவை மேடை ஏறுது. தயவுசெஞ்சு போனைப் பையில போட்டுட்டு அந்தப் பொண்ணைப் பாருங்க.