இயந்திரம் நின்ற பிறகும் ஓடும் மீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆலைகள் விடும் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தாலே, கூரை முழுக்கச் சூரியத் தகடு, ஹைட்ரஜன் உலை, வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் புதைப்பது என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, உற்பத்தி இல்லாத விடுமுறை நாளில் மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்பதை. ஒரு பொருள்கூடச் செய்யாத அந்த நாளில் செலவாகும் மின்சாரமும் எரிபொருளும் எங்கே போகின்றன என்று தேடிப் போனால், குறைக்க வேண்டியவற்றுள் பெரிய பங்கு கைக்கு அகப்பட்டுவிடும்.

தேடத் தொடங்கியதும் காதில் விழுவது அமுக்கக் காற்றின் சீறல். மற்ற நாட்களில் இயந்திர இரைச்சலில் அது அமுங்கிக் கிடக்கும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், அதற்காகவே, காற்றை அமுக்கும் இயந்திரமான கம்ப்ரஸர் ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் இழுக்கும். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 28,000 யூனிட். குழாயின் நடுவில் ஓட்டை விழுவது அரிது. ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப், விரைவு இணைப்பு, வடிகட்டிக் கிண்ணத்தின் அடிப்பகுதி, தண்ணீர் வடியட்டும் என்று யாரோ திறந்து, மூட மறந்த வால்வு இவைதான் வழக்கமான இடங்கள். சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

மொத்தக் கசிவு எவ்வளவு என்று அறிய ஒரு கடிகாரம் போதும். காற்றைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரஸர் ஒன்றை மட்டும் இயக்குங்கள். அது எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அமுக்கிக்கொண்டு), எவ்வளவு நேரம் அன்லோடில் (காற்றை அமுக்காமல் சும்மா) ஓடுகிறது என்று பத்துச் சுற்றுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால், அந்தக் கம்ப்ரஸர் தரும் காற்றில் நான்கில் ஒரு பங்கு வீணாகிறது. கவனிக்காமல் விட்ட ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவு சாதாரணம். 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முடியும்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கடைக்கோடி இயந்திரத்துக்கு அழுத்தம் போதவில்லை என்று யாராவது சொன்னதும், கம்ப்ரஸரின் அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். 1 பார் கூட்டினால் மின்செலவு 6, 7 சதவீதம் ஏறும். கசிவும் சேர்ந்து ஏறும். இன்னொன்று, கசிவையெல்லாம் அடைத்துவிட்டு இரண்டு கம்ப்ரஸர்களையும் ஓட விட்டிருப்பது. சும்மா ஓடும் கம்ப்ரஸர்கூட முழு மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் தின்னும். ஒன்றை நிறுத்தினால்தான் கசிவை அடைத்ததன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

உலகத் தொழிற்சாலைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பத் தேவைக்குத்தான் போகிறது. அதனால் அடுத்துப் போக வேண்டிய இடம் பாய்லர். நீராவிக் குழாயில் இருக்கும் ஸ்டீம் டிராப், தண்ணீரை வெளியே விட்டு நீராவியைத் தடுத்து நிறுத்த வேண்டும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கிச் சூடு ஏறாது. ஆபரேட்டர் வேறு வழியின்றிப் டிராப்பைச் சுற்றிப் போகும் பக்கக் குழாயின் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார். பிறகு டிராப்பைப் புதிதாக மாற்றினாலும் பைபாஸ் திறந்தே கிடக்கும். நீராவி அதன் வழியே நேராக ஓடிக்கொண்டிருக்கும். டிராப்பைச் சோதிக்கப் போகிறவர் முதலில் அந்த வால்வின் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு.

நீராவி குளிர்ந்து நீராக மாறித் திரும்பி வரும் அந்தச் சூடான நீரைச் சாக்கடையில் விடவே கூடாது. பாய்லருக்குள் போகும் நீர் 6 டிகிரி சூடேறினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். புகைபோக்கியில் வெளியேறும் புகையின் வெப்பம் 20 டிகிரி குறைந்தாலும் ஏறக்குறைய அதே மிச்சம். கந்தகம் உள்ள எரிபொருளானால் மட்டும் எச்சரிக்கை: புகையை அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் அமிலம் படிந்து இரும்பை அரித்துவிடும்.

ஒரே நிறுவனத்துக்குப் பல ஆலைகள் இருக்கும்போது, டன்னுக்கு இத்தனை யூனிட் என்று வரிசைப்படுத்துகிறார்கள். அது நியாயமான ஒப்பீடு அல்ல. ஓர் ஆலைக்கு மாதம் ஒரு லட்சம் யூனிட் நிலையான செலவு, அதற்கு மேல் டன்னுக்கு 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 1,000 டன் செய்யும் மாதத்தில் டன்னுக்கு 300 யூனிட் வரும். 500 டன் செய்யும் மாதத்தில் 400 வரும். ஆலையில் எதுவும் கெடவில்லை, ஆர்டர்தான் குறைந்தது. ஆகவே ஒவ்வோர் ஆலைக்கும் உற்பத்தியைக் கிடை அச்சிலும் மின்செலவைச் செங்குத்து அச்சிலும் வைத்து, பன்னிரண்டு மாதப் புள்ளிகளைக் குறித்துக் கோடு போடுங்கள். அந்தக் கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம்தான், உற்பத்தி இல்லாமலே ஓடும் செலவு. ஆலைகளை அதைக் கொண்டு ஒப்பிட வேண்டும். எரிபொருளுக்கும் இதேபோல் தனிக்கோடு போடலாம்.

மின்மீட்டரில் தெரியாத ஒன்றும் உண்டு. ஆர்-404ஏ என்ற குளிர்பதன வாயு ஒரு கிலோ கசிந்தால், அது 3.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். எந்த இயந்திரத்தில் எப்போது எத்தனை கிலோ நிரப்பினார்கள் என்று ஏடு இல்லாத ஆலையின் கணக்கை நம்ப முடியாது.

எரிபொருளை மாற்றுவது இதற்கெல்லாம் பிறகு. வீணாவதை நிறுத்தும் முன்பே புது பாய்லர் வாங்கினால், வீணாவதற்கும் சேர்த்துப் பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு மின்சார பாய்லர் வைப்பதிலும் அவசரம் கூடாது. எரிவாயுவில் ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சுமார் கால் கிலோ கரியமில வாயு வெளியேறும். நிலக்கரியில் எடுத்த ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மாற்றினால் வெளியேற்றம் நான்கு மடங்குகூட ஆகலாம்.

ஓர் ஆலையில் திறந்து கிடந்த பைபாஸைக் கண்டுபிடித்தால், அதே வாரத்தில் மற்ற ஆலைகளிலும் அதே இடத்தைப் பாருங்கள். அடைத்த ஒவ்வொரு கசிவிலும் தேதி எழுதிய அட்டை தொங்கட்டும். மூன்று மாதம் கழித்து வரும் விடுமுறை நாளில், அதே நேரத்தில், அந்த மீட்டரை மறுபடி படியுங்கள்.

நன்றி, வணக்கம்.