விம் பழகிய விரல்கள் ஏன் வேறு எடிட்டருக்கு மாறுவதில்லை?

[திரையில்: ஒரே ஒரு வரி நிரல். கர்சர் மினுக்குகிறது.]

இந்த வரியில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒரு பெயர் தப்பாக இருக்கிறது. மாற்ற வேண்டும். மவுஸை எடுப்போம், இழுப்போம், ஓர் எழுத்து கூடுதலாகத் தேர்வாகும், மறுபடி இழுப்போம். விம் (Vim) என்பது நிரல் எழுதும் எடிட்டர். அதில் பழகியவர் அந்த வரிக்கு வந்து மூன்று விசைகளைத் தட்டுவார்: சி, ஐ, மேற்கோள் குறி. 'மேற்கோளுக்கு உள்ளே இருப்பதை மாற்று' என்று அர்த்தம். உள்ளே இருந்தது காலி. புதுப் பெயரை அப்படியே அடிக்கலாம்.

சரி, எழுத்து விசைகளையே கட்டளையாக்கும் யோசனை யாருக்கு, எதற்காக வந்தது?

[திரையில்: பழைய ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலின் விசைப்பலகை. ஹெச், ஜே, கே, எல் விசைகளை நெருக்கமாகக் காட்டவும்.]

1976. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், விம்முக்கு மூதாதையான விஐ எடிட்டரை எழுதுகிறார். அவர் முன்னால் இருந்த டெர்மினல், அதாவது வேறிடத்துக் கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும், இதுதான். அம்புக்குறிக்குத் தனி விசை கிடையாது; இந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகள் அச்சாகியிருக்கின்றன. இன்றும் விம்மில் கர்சரை நகர்த்துவது இதே நான்குதான். எழுத்து அடிப்பதை முடித்துக் கட்டளைக்குத் திரும்ப அழுத்தும் எஸ்கேப் விசை அப்போது க்யூவுக்குப் பக்கத்தில், இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. இப்போது அது மூலைக்குப் போய்விட்டதால், கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்பவர்கள் நிறைய.

வீட்டிலிருந்து வேலை செய்ய ஜாயிடம் இருந்தது 300 பாட் மோடம். நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் முழுத் திரையை நிரப்ப ஒரு நிமிடத்துக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்! இப்படிப்பட்ட இணைப்பில் கட்டளை ஓர் எழுத்தாகத்தான் இருக்க முடியும்.

அதே 1976-ல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் போன்றவர்களின் கைவண்ணம். அங்கே யோசனையே வேறு: எடிட்டரை உள்ளிருந்தே திருத்தி எழுதலாம். ஈமேக்ஸ்காரர்கள் மின்னஞ்சல் படிப்பதும் நாட்குறிப்பு வைப்பதும் அதற்குள்ளேயேதான். ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கும் சொந்தமாகக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கண்ட்ரோல் விசையை அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் வலிக்கிறது என்ற புலம்பலும் கூடவே வரும்.

[திரையில்: விஎஸ் கோட். புள்ளி வைத்ததும் பரிந்துரைகள் விரிகின்றன.]

2015-ல் மைக்ரோசாப்டின் விஎஸ் கோட் எடிட்டர் வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் மறுவருடம் அவர்கள் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால். அதுவரை ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு நிரல்மொழியையும் தனித்தனியாகக் கற்க வேண்டியிருந்தது. இப்போது மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையை ஒரு தனி நிரல் பார்த்துக்கொள்கிறது; எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். விம்மும் கேட்கலாம், ஈமேக்ஸும் கேட்கலாம். வசதிகளில் இருந்த இடைவெளி ரொம்பவே சுருங்கிவிட்டது.

அப்புறம் எந்த எடிட்டர் சிறந்தது என்று ஏன் சண்டை? வேகம் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நிரல் எழுதுபவரின் நேரம் பெரும்பாலும் படிப்பதிலும் யோசிப்பதிலும்தான் போகிறது. ஆனால் யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போது கை தானாக நகர வேண்டும். எந்த விசை என்று தேட ஆரம்பித்தால், யோசித்தது பாதியில் நின்றுவிடும். பத்து வருடம் பழகிய கைக்கு எது நல்ல எடிட்டர் என்பதை மூளை தீர்மானிப்பதில்லை.

அதனால்தான் விஎஸ் கோடுக்கு மாறியவர்களில் பலர் அதில் முதல் வேலையாக விம் விசைகளுக்கான நீட்சியை நிறுவுகிறார்கள். நானும் அப்படித்தான். மின்னஞ்சல் எழுதும்போது நடுநடுவே 'ஜேஜேஜே' என்று விழுந்திருக்கும். அனுப்பிய பிறகுதான் கண்ணில் படும்.