சுவரில் பாதி, திரையில் பாதி

வணக்கம் நேயர்களே. கரையில் வலையைச் சரிபண்ணிக்கொண்டே கேட்கிறவர்களுக்கும், கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைக்கு நான் பேச வந்தது பேய்ப் படம், பாம்புப் படம், மந்திரவாதிப் படம், குதிரையில் வந்து சுடுகிற கவ்பாய் படம் பற்றி. குறைந்த காசில், குறைந்த நாளில் எடுத்த படங்கள். அதைவிட முக்கியமாக, அந்தப் படங்களுக்கு ஒட்டிய போஸ்டர்கள் பற்றி. நாற்பது வருஷத்துக்கு மேலாக இதே நினைப்பாக இருக்கிறவன் நான்.

பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988இல். அதற்கு முன்னால் ராமேஸ்வரம் தீவுக்குள் எது வந்தாலும் ரயிலிலோ படகிலோதான் வர வேண்டும், படப்பெட்டி வந்தது ரயிலில். 'பெட்டி வந்துருச்சா'ன்னு கேட்டுக்கொண்டு திரிவோம். ஆனால் பெட்டிக்கு முன்னாலேயே போஸ்டர் வந்துவிடும். எங்களுக்குப் படம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

போஸ்டர் ஒட்டுகிற அண்ணன் ஒருத்தர் இருந்தார். மைதா மாவைக் காய்ச்சி, அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு வாளியில் கொண்டு வருவார். மயில்துத்தம் போடாவிட்டால் விடிவதற்குள் ஆடு தின்றுவிடும். நம் ஊர் ஆடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய போஸ்டர் என்றால் ஆறு தாள். முதலில் ஆறையும் மணலில் விரித்துப் பார்ப்பார். ஆனி, ஆடி மாசம் என்றால் கச்சான் காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் மூலைக்கு ஒரு பையன் முட்டிபோட்டு அழுத்திக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் மேல் வரிசைக்கு ஓடுவேன், ஏனென்றால் மந்திரவாதியின் கண் அங்கேதான் இருக்கும். ஒரு கண் ஒரு தாளில், இன்னொரு கண் அடுத்த தாளில். சுவரில் ஒட்டும்போது அரை விரல்கடை தள்ளிப் போனாலும் மூக்கு இரண்டாகிவிடும். அந்த அண்ணன் ஒட்டி ஒரு நாளும் மூக்கு விலகி நான் பார்த்ததில்லை. உள்ளங்கையால் தடவித் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே போவார். ஒட்டி முடித்ததும் பத்தடி பின்னால் வந்து நின்று பார்ப்பார். நாங்களும் அவர் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

சரி, அந்தப் போஸ்டரில் என்ன இருக்கும்? ஏழு தலை நாகம், அதன் வாயிலிருந்து நெருப்பு, பின்னால் இடிந்து விழுகிற கோட்டை. படத்துக்குப் போனால் ஒரு பாம்புதான் வரும். அதுவும் ரப்பர் பாம்பு, கயிறு தெரியும். ஏமாந்துவிட்டோம் என்று யாராவது எழுந்து போனார்களா? நான் பார்த்ததில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்றைக்கும் சொல்கிறேன்: அந்தப் படங்களில் பாதி திரையில் ஓடியது, பாதி சுவரில் இருந்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்க்கும்போது, மூன்று நாளாகச் சுவரில் பார்த்த ஏழு தலையையும் நாங்களே அந்த ரப்பர் பாம்புக்கு ஒட்ட வைத்துக்கொண்டோம். கோட்டையை இடிக்கப் படம் எடுத்தவரிடம் காசு இல்லை. வரைகிறவருக்குக் கோட்டை இடிவதும் குடிசை எரிவதும் ஒரே செலவுதான், வண்ணமும் தூரிகையும்.

டைரக்டர் விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படங்களை மறந்திருக்க மாட்டீர்கள். தெலுங்கில் எடுத்துத் தமிழுக்கு வந்தவை. 1978இல் வந்த ஜெகன்மோகினியில் பேய் அடுப்புக்கு விறகு இல்லாமல் தன் காலையே நீட்டி எரிய விடுமே, அதைப் பார்த்துவிட்டு வீட்டில் அடுப்படிப் பக்கம் போகப் பயந்த பிள்ளைகள் எத்தனை பேர்! கம்ப்யூட்டர் கிடையாது. கேமராவை நிறுத்து, ஆளை மாற்று, மறுபடி ஓட்டு. கேமராவுக்கு முன்னால் கையால் செய்த வித்தைதான். கை வேலை என்பது பார்க்கும்போதே தெரியும், தெரிந்தும் பயந்தோம். சம்பளம் கூடக் கேட்ட நடிகரைக் கதையில் கிளியாக்கிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சினிமாக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள்.

இது நம் பக்கத்துச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1930களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். பெரிய படத்துக்குத் துணையாக ஓடிய சின்னப் படத்தைத்தான் பி படம் என்றார்கள். அப்புறம் 1950களில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று ஒரு கம்பெனி. அங்கே முதலில் தலைப்பு, அடுத்தது போஸ்டர், கதை அதற்குப் பிறகுதான்! அவர்களுக்கு நிறையப் படம் எடுத்துக் கொடுத்த ரோஜர் கார்மன், 1960இல் ஒரு படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தார். அதே அமெரிக்காவில் ரெனால்ட் பிரவுன் என்று ஒரு போஸ்டர் ஓவியர். 1958இல் ஐம்பதடிப் பெண் ஒருத்தியைப் பற்றிய படத்துக்கு அவர் வரைந்த போஸ்டரில், நெடுஞ்சாலைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்று அவள் காரைக் கையில் தூக்குகிறாள். படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஆனால் இன்றைக்கும் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு அந்தப் பாலம்தான் ஞாபகம் வருகிறது. நம் ஏழு தலை நாகம் மாதிரியேதான்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதற்குத்தான் வந்தேன். எங்கள் தெருமுனை டீக்கடைச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டி ஒரு விரல் தடிமன் ஆகியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது அப்படியே பாளமாகச் சரிந்து விழுந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மீனுக்கு ஐஸ் போடுகிற பெட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த காலம் அது, அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ராத்திரிக்குள் மைதா இளகிவிட்டது. மேல் தாளை உரித்தால் அதற்கு முந்தின படம், அதை உரித்தால் அதற்கும் முந்தின படம். மீசை வைத்த வில்லன், அவனுக்குக் கீழே அம்மன், அம்மனுக்குக் கீழே முகமூடி போட்ட குதிரைக்காரன். நடுவில் ஒன்றில் சிவப்பு மட்டும் கொஞ்சம் நகர்ந்து அச்சாகி, கதாநாயகியின் உதடு உதட்டுக்கு வெளியே இருந்தது. அந்தக் காலத்து லித்தோ அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகத் தகடு, தாள் இம்மி நகர்ந்தால் இப்படி வரும். அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து, 'இது உங்க அப்பா கூட்டிட்டுப் போனது, இது உன்னை வயித்துல வச்சிருந்தப்போ' என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினோரு தாள் தேறியது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள், இரண்டு நிமிஷம்தானாம். ஆட்டையும் குரங்கையும் பாம்பையும் நடிக்க வைத்து நூறு படத்துக்கு மேல் எடுத்த இராம நாராயணன் பற்றியும், ஃபிளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை வைத்துவிட்ட பேனர் ஓவியர்கள் பற்றியும் எழுதி வைத்திருக்கிறேன், இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன்.

அவசரமாக இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கொட்டகைச் சுவரை இடிக்கிறார்கள், கடைக்குப் புது வெள்ளை அடிக்கிறார்கள் என்றால் போஸ்டர் பாளத்தைச் சுரண்டி எரித்துவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் கூடாது, நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். அவசரப்பட்டு இழுக்காமல் மூலையிலிருந்து உரியுங்கள். நிழலில் உலர்த்துங்கள். மடிக்காமல் பிளாஸ்டிக் பைப்பில் சுற்றி வையுங்கள். கீழ் மூலையில் சின்னதாக ஓவியர் பெயர் இருக்கும், அது கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.