அலை எப்போது ஓயும்?

(மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு (ஆலயச் சமூகம்) ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மறைவட்ட அதிபர் அவர்களே, ஆறு ஆண்டு எங்களோடு உப்புக்காற்றில் கிடந்துவிட்டு இந்த மாதக் கடைசியில் மாற்றலாகிப் போகும் எங்கள் பங்குச் சாமி அவர்களே, புயலுக்கு நம் கூரை பறந்தபோது தங்கள் ஆலய மண்டபத்தைத் திறந்துவிட்ட தென்னிந்தியத் திருச்சபைப் போதகர் ஐயா அவர்களே, ஒவ்வொரு திருவிழாவுக்கும் கேட்காமலே ஜெனரேட்டர் அனுப்பி வைக்கும் ஜமாத் தலைவர் பாய் அவர்களே, விசைப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே, நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே (உங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது சாமியின் ஆறு வருட உழைப்பு), அருட்சகோதரிகளே, உபதேசியார் அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் கரையில் கட்டிக்கிடக்கும் என் அண்ணன் தம்பிகளே, பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! எல்லாருக்கும் வணக்கம். இயேசுவுக்கே புகழ்.

சாமி எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘மாற்றத்தின் வேளையில் இறைவனின் நேரத்தை அறிதல்’. மூன்று அடையாளம் சொல்லலாம் என்று தாளில் குறித்து வந்திருக்கிறேன். இறைவார்த்தை ஒன்று, மக்களின் குரல் இரண்டு, உள்ளத்தின் அமைதி மூன்று.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. ‘அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது?’ என்பார்கள். அதை முதலில் சொன்னவன் கடலோரத்துக்காரனாகத்தான் இருக்க வேண்டும். கடல் அடங்கட்டும், பிறகு இறங்கலாம் என்று கரையில் நிற்கிறவன் கடைசிவரை குளிக்க மாட்டான்.

மாற்றம் என்றால் என்ன என்று நம் தீவுக்காரர்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது. நடுவில் இரண்டே கால் வருடம். பழையது ஓடவில்லை, புதியது வரவில்லை, மண்டபத்தோடு ரயில் நின்றது. ஒரு பங்குக்கும் அப்படி ஒரு காலம் வரும். பழைய சாமி போயிருப்பார், புதுச் சாமிக்கு நம் தெருக்கள் பிடிபட்டிருக்காது, சாமிக்கு ஆலோசனை சொல்லும் பழைய பங்குப் பேரவை கலைந்திருக்கும். இஸ்ரயேல் மக்கள் செங்கடலுக்கும் யோர்தானுக்கும் நடுவில் நாற்பது ஆண்டு இருந்தார்கள். வழிகாட்டிய மேகம் எழுந்தால் நடந்தார்கள், மேகம் தங்கினால் தங்கினார்கள்.

இறைவார்த்தைக்கு வருகிறேன். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் போய்த் திறந்து படியுங்கள். பவுல் கைதியாக உரோமைக்குக் கப்பலில் போகிறார். கடல் கெடுகிற பருவம் வந்துவிட்டது. “இப்போது புறப்பட்டால் சேதம் வரும்” என்று அவர் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவன் கேட்கவில்லை. மாலுமி பேச்சையும் கப்பல்காரன் பேச்சையும் நம்புகிறான். பெரும்பான்மையும் போகலாம் என்கிறது. அந்த நேரம் பார்த்துத் தெற்கேயிருந்து இதமாகக் காற்று வீச, நினைத்தது பலித்தது என்று நங்கூரம் தூக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வாடைக் கொண்டல் என்ற பேய்க்காற்று தீவிலிருந்து பாய்கிறது. இருநூற்று எழுபத்தாறு பேர், பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. உயிர் தப்பினார்கள், கப்பல் தப்பவில்லை.

காற்று இதமாக இருந்தது, முதலாளிகள் சரி என்றார்கள், கூட்டமும் சரி என்றது. மூன்றும் பொய்த்தன. காலம் அறிந்து பேசிய ஒருவர் கைதியாக இருந்தார், அதனால் அவர் சொல் ஏறவில்லை.

நம் மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். போர்த்துக்கல்லிலிருந்து வந்த மறைப்பணியாளர் புனித அருளானந்தர் 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு வதைபட்டார். பிறகு ஐரோப்பா போனார். போர்த்துக்கல் அரசர் தம்மிடமே இருந்துவிடச் சொன்னார். அலை ஓயட்டும் என்று அவர் லிஸ்பனில் இருந்திருந்தால் கேட்பவர் யார்? திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை கொடுத்தார். அந்தச் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளாத வீடு இங்கே உண்டா? அதே திருச்சபையில் 2013இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், உடல் ஒத்துழைக்கவில்லை, நேரம் வந்தது என்று தாமாகவே இறங்கினார். அறுநூறு ஆண்டாக எந்தத் திருத்தந்தையும் அப்படி இறங்கியதில்லை. ஒருவருக்கு வருவதற்கான வேளை, மற்றவருக்கு இறங்குவதற்கான வேளை.

இரண்டாவது அடையாளம், மக்களின் குரல். இதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும். நேரமானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேரவைச் செயலாளராக இருந்த ஆண்டு. இராயப்பர், அதாவது புனித பேதுரு, திருநாள், ஜூன் 29. வடகடலில் சுரூபத்தை வல்லத்தில் ஏற்றிக் கடல் பவனி. நேரம் குறிக்கக் கூடினோம். பன்னிரண்டு ஆண்கள். சிறப்பு விருந்தினர் ஐந்தரைக்கு வருகிறார், ஆகவே நாலரைக்கு வல்லம் புறப்பட வேண்டும் என்று எழுதினோம். வாசலில் டீ டம்ளர் எடுக்க வந்த ஒரு அம்மா, கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவர், நின்று சொன்னார்: “வாத்தியாரய்யா, அன்னைக்குப் பிறைக் கணக்குப்படி அந்த நேரம் வத்தம்யா. பாறைப் பார் பக்கத்துல முழங்கால் தண்ணி நிக்காது. காலையில வச்சுக்கிடுங்க.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிம்மா, டம்ளரை எடுத்துக்கிட்டுப் போங்க” என்றேன்.

திருநாள் வந்தது. பேண்டு வாத்தியம், வெடி, ஜோடனை, எல்லாம் நேரத்துக்கு. வல்லம் போனது. திரும்பி வரும்போது கரைக்கு இருநூறு பாகம் இருக்கையில் தரை தட்டியது. இன்ஜின் காத்தாடி சேற்றில் மாட்டிக்கொண்டது. இராயப்பர் கடலில், ஊர் கரையில். விருந்தினர் மாலையோடு நிற்கிறார். பேண்டுக்காரர்கள் தெரிந்த பாட்டெல்லாம் இரண்டு தடவை வாசித்து முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் மணலில் தூங்கிவிட்டன. இருட்டிவிட்டது. தள்ளப் போன இளந்தாரிகள் இரண்டு பேருக்குப் பாறையில் கால் கிழிந்தது.

அப்போது அந்த அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே பாசிக்குப் போகும் பெண்கள் ஒன்பது பேர். எங்கே பாறை, எங்கே சேறு, எங்கே மணல் என்று அவர்கள் கால்களுக்குத் தெரியும். ஒரு கம்பை ஊன்றி ஊன்றி அவர் முன்னால் நடந்தார். “இங்க மிதிங்க, அங்க வேணாம்” என்று சொல்லிக்கொண்டே போனார். ஆண்கள் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் மிதித்த இடத்திலேயே மிதித்து வந்தார்கள். ஒரு பூ உதிராமல் இராயப்பர் கரை ஏறினார்.

மறுநாள் நான் கூட்டக் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘கடல் பவனி சிறப்பாக நடைபெற்றது.’ அந்த அம்மாவின் பெயரை எழுதவில்லை. அந்த நோட்டு இன்னும் ஆலய அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் என் கை கூசுகிறது.

அன்பர்களே, கடவுளின் நேரத்தை அறிவது என்று பெரிதாகப் பேசுகிறோம். இந்தக் கரையில் நேரம் அறிந்தவர்கள் யார்? விரலில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்கும் இந்தப் பெண்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது, மற்ற நாள் பாசி வளரட்டும் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்து நடத்துகிறவர்கள். எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது, எப்போது சும்மா இருப்பது என்ற மூன்றும் தெரிந்தவர்கள். நம் பங்குப் பேரவையில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

மூன்று பேரவைகளில் இதைக் கேட்டேன். ‘பதறாத காரியம் சிதறாது, அடுத்த தடவை பார்ப்போம்’ என்றார்கள். அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது? திருச்சட்டப்படி பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதானே உண்டு, அதில் யார் இருந்தால் என்ன என்றும் சொன்னார்கள். ஆலோசனைதான் வேலை என்றால், விவரம் தெரிந்தவரிடம் அல்லவா அதைக் கேட்க வேண்டும்? 2023 அக்டோபரில் உரோமையில் ஆயர்கள் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். உரோமையில் முடிந்தது பாம்பன் கரையில் முடியாதா?

புதுச் சாமி வந்து பழகட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவருக்கு முதலில் தேவைப்படுவதே பாறையும் சேறும் தெரிந்து முன்னால் நடக்கிற ஆள்.

மூன்றாவது அடையாளத்தைத் தொடவே இல்லை. மணி எட்டாகிவிட்டது, மறைவட்ட அதிபர் தங்கச்சிமடம் போக வேண்டும், போதகர் ஐயாவும் பேச இருக்கிறார்.

ஆகவே தீர்மானத்தை மட்டும் வாசித்துவிடுகிறேன்: ‘வருகிற பங்குப் பேரவையில் பாசி எடுக்கும் பெண்களுக்கு இரண்டு இடமும், கூடையில் மீன் விற்கும் பெண்களுக்கு ஓர் இடமும் ஒதுக்க வேண்டும், அவர்களை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.’ சாமி புறப்பட இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் அங்கேயே வைத்திருக்கிறேன். பின்வரிசைத் தாய்மார்கள் முதலில் வாருங்கள்.