இரும்பின் ஞாபகம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் நிற்பேன். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கடினமாக்கும்போது, பட்டறைப் பெரியவர், கம்பியில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சிவந்த இரும்பின் பக்கத்தில் கொண்டுபோவார். காந்தம் இழுத்தால் அரிவாள் மறுபடி உலைக்குப் போகும். இழுக்காவிட்டால், "பாப்பா, இரும்பு மறந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் காய்ச்சிட்டு முக்கிரலாம்" என்பார்.

இரும்பு தன் காந்த குணத்தை இழப்பது ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில். வெப்பமானி இல்லாத பட்டறையில் அந்தக் காந்தம்தான் வெப்பமானி! எத்தனையோ வருடம் உலோகவியல் பாடம் நடத்தினேன். அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் தண்ணீரில் முக்கினால் என்ன ஆகிறது? தையல் ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தோய்ச்சல் போட்ட எஃகுதான். காந்தத்தில் உரசினால் நாள்கணக்கில் குண்டூசியைத் தூக்கும். அதையே சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு உரசிப் பாருங்கள், பிடிப்பு குறைந்திருக்கும். அதே இரும்பு, அதே கார்பன்தான். ஆறிய வேகம் மட்டும் வேறு. சட்டென்று குளிர்ந்த எஃகின் உள்ளே இறுக்கமும் நெளிவும் தங்கிவிடுகின்றன. எஃகின் காந்த குணம் ஒரு திசைக்குத் திரும்பிவிட்டால், அவை அதை எளிதில் மாற விடுவதில்லை. மெல்ல ஆறியதில் அந்தத் தடை குறைவு.

ஆனால், சட்டென்று குளிர்ந்தால் எல்லா உலோகமும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் குழும ஆய்வாளர் குஸ்டாவ் எல்மன் உருவாக்கிய பெர்மலாய் என்ற கலப்பு உலோகம், நூற்றுக்கு 78 பங்கு நிக்கல், மீதி இரும்பு. மிக மெல்லிய காந்தப்புலத்துக்கும் அது இணங்கும். அதைச் சுமார் 600 டிகிரியிலிருந்து மெல்ல ஆறவிட்டால் அந்தக் குணம் கெடும். விரைவாக ஆற்றினால்தான் சிறக்கும். ஊசிக்கு நேர் எதிர்! 1924இல் நியூயார்க்கிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குக் கடலடியில் போட்ட தந்திக் கம்பியைச் சுற்றியிருந்தது இந்த உலோகம்தான். செய்தி போகும் வேகம் பல மடங்கு கூடியது.

டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள சிலிக்கான் எஃகு பற்றியும் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வரே இல்லை என்று பாத்திரத்தை ஒதுக்காதீர்கள். நல்ல எவர்சில்வரிலும், அழுத்தி வளைத்த விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி ஆற்றினால் அதுவும் போய்விடும். வீட்டில் காந்தம் இருந்தால் இன்றைக்கே ஒரு கிண்ணத்தின் அடியிலும் விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். வணக்கம்.