ஒரு முறம் நெருப்பு

நேயர்களுக்கு வணக்கம். சிறுகதையில் படிமம், குறியீடு என்று, அதாவது ஒரு காட்சியோ பொருளோ வேறொன்றை உணர்த்துவதைப் பற்றி, பேச ஆரம்பித்தாலே சிலர் பாடம் நடத்தப் போகிறார்கள் என்று பயந்துவிடுவார்கள். அதனால் உங்களில் பலருக்கும் தெரிந்த ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்'. 1966-இல் ஆனந்த விகடனில் வந்து, பெரிய சண்டையைக் கிளப்பிய கதை.

கல்லூரிப் பெண் ஒருத்தி மழையில் பஸ்ஸுக்காக நிற்கிறாள். காரில் வந்தவன் ஏற்றிக்கொள்கிறான். நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். அன்று வாசகர்கள் சண்டை போட்டது காரில் நடந்ததைப் பற்றி மட்டுமில்லை. அதற்கப்புறம் அந்த அம்மா செய்ததைப் பற்றித்தான்.

அந்த அம்மா ஒரு விதவை. முதலில் மகளை அடிக்கிறாள். ஒரு முறம் நெருப்பை அள்ளி இவள் தலையில் கொட்டினால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றுகிறது. மகள் தீயில் துடித்துக் கருகுவது கண்முன்னால் தெரிகிறது. சரி, எரித்துவிட்டால் களங்கம் போய்விடுமா? பெற்ற மனசு அங்கே தடுமாறுகிறது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் விசாரித்தால், மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாள், அதற்குத்தான் திட்டுகிறேன் என்று சமாளிக்கிறாள். பிறகு மகளை உட்கார வைத்து, தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள்.

கவனித்தீர்களா? அதே தலை, கொட்டுகிற கையும் அதேதான். நெருப்பு இருந்த இடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. ஊருக்குப் பயந்தவளுக்கும் பெற்றவளுக்கும் நடந்த வழக்கில் எது ஜெயித்தது என்பதை அந்த ஒரு மாற்றம் காட்டிவிடுகிறது. 'அவள் மனம் இரண்டாகப் பிளந்தது' என்கிற மாதிரி வாக்கியம் எதுவும் இங்கே தேவைப்படவில்லை. இத்தனைக்கும் தண்ணீர் ஆசிரியர் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்த பொருள் இல்லை. மழையில் தொப்பலாக வந்தவளைத் தலைக்குக் குளிப்பாட்டுவது எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தானே.

ஆனால் அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. உன்மேல் கொட்டியது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள் என்கிறாள். அகலிகையையும் துணைக்குக் கூப்பிடுகிறாள். குறியீட்டை இப்படி உடைத்துச் சொல்லலாமா என்று எனக்கு வெகுநாள் குறை இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் வெளியிட்ட ஒரு கதையில், எலிசா என்ற பெண் ஆசையாக வளர்த்த சாமந்தி நாற்றுகளைத் தொட்டியில் வைத்து, பாத்திரம் பழுது பார்க்க வந்தவனிடம் கொடுத்தனுப்புவாள். அன்றைக்கே கணவனோடு வண்டியில் போகும்போது தூரத்தில் சாலையில் ஒரு கரும்புள்ளி. நாற்றைக் கொட்டிவிட்டுத் தொட்டியை மட்டும் அந்தப் பாத்திரக்காரன் வைத்துக்கொண்டான். அவள் அதைப் பற்றிக் கணவனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் அழுவாள். அதைப் படித்துவிட்டு வந்தால் ஜெயகாந்தன் வாயாடியாகத் தெரிவார்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த அம்மா மகளுக்கு மட்டும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லிக்கொள்கிறாள். முழுசாக நம்பிவிட்டவள் அத்தனை தடவை சொல்வாளா?

இதற்கு ஆதாரம் கதையிலேயே இருக்கிறது. காரில் அந்த ஆள் பெண்ணுக்கு ஒரு சூயிங்கம் கொடுப்பான். குளிப்பாட்டியெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், அவள் இன்னும் அதை மென்றுகொண்டிருக்கிறாள். வாயில் என்ன என்று கேட்கிற அம்மா, துப்பச் சொல்லி, வாயைக் கொப்புளித்துவிட்டு வரச் சொல்கிறாள். நீ சுத்தம் என்று சொன்ன பிறகும் அம்மாவுக்குத் துடைக்க ஏதோ பாக்கி இருக்கிறது. பெண்ணும் அதை இன்னும் துப்பாமல்தான் வைத்திருந்தாள். இதற்குக் கதையில் ஒரு வரி விளக்கம் கிடையாது.

இந்த அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் பின்னால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் சிறுகதையைத்தான் எடுப்பேன், அந்தச் சூயிங்கத்துக்காகவாவது. வணக்கம்.